புழுவைக் கொல்லாத மருந்து

மருந்தடித்த மறுநாளும் புழு சாகாவிட்டால் விவசாயி முகத்தில் விழிப்பது எவ்வளவு சிரமம் என்று, பயிர்ப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொல்லிமலையில், குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியில், செல்லம்மாவின் மொச்சைக் காட்டில் என் சோதனை. போன போகத்தில் காய்ப்புழு அந்தக் காட்டையே காலி செய்திருந்தது. ஊறவைத்த சோயாவைப் பச்சையாக அரைத்து வடித்த சாறுதான் மருந்து. அதிலுள்ள ஒரு பொருள் புழுவின் செரிமான நொதியை வேலை செய்ய விடாது. புழு தின்னும், தின்றது உடம்பில் ஒட்டாது.

மறுநாள் காலை

செல்லம்மா ஒரு காயைப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். புழு தெம்பாக நெளிந்தது. இது விஷமில்லை, பட்டினி போடும் வைத்தியம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் அதற்குள் சேந்தமங்கலம் போய் விஷமருந்து வாங்கி வந்திருந்தார்கள். செல்லம்மா புழுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பட்டினி கெடக்கறாப்பல தெரியலீங்க அம்மணி. விருந்துக்கு வந்தாப்பல இருக்குதுங்க."

அடுப்படியில்

அடுத்த முறை, சாறு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுக் காளப்பநாயக்கன்பட்டி வரை போய் வந்தேன். திரும்பினால் அடுப்பில், குண்டாவில் சாறு கொதிக்கிறது. செல்லம்மாவின் கணவர் வெள்ளையன் அகப்பையால் கிண்டிக்கொண்டிருக்கிறார். சூடு பட்டால் அந்தப் பொருள் கெட்டுவிடும். வேகவைத்த பயறு நமக்குச் செரிப்பதே அதனால்தான். மிச்ச சோயாவை ஊறப்போட்டு, மறுநாள் நானே ஆட்டுக்கல்லில் அரைக்க உட்கார்ந்தேன். வெள்ளையன் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"காச்சாம எப்படீங்க கசாயத்துல சத்து எறங்கும்?"

மழை

அடித்த சாயங்காலமே மழை கொட்டி எல்லாவற்றையும் கழுவிவிட்டது. மறுபடி அரைத்தோம், மறுபடி அடித்தோம். நாமக்கல்லிலிருந்து, என்னோடு வேலை பார்ப்பவர் போன் செய்தார்.

"எறங்கி வந்துடுங்க மேடம், வேற எடம் பாத்துக்கலாம்."

பிளந்து பார்த்தபோது

நான் இறங்கவில்லை. காய் முற்றியதும், மருந்தடிக்காமல் விட்ட வரிசையிலும் அடித்த வரிசையிலும் காய்களைப் பிளந்து பார்த்தோம். அங்கே கொழுத்த புழு, வெறும் தோல். இங்கே பெரும்பாலும் வெளுத்து மெலிந்த புழு, உள்ளே முழுசாகப் பருப்பு. ஒன்றிரண்டு புழு மட்டும் இந்தச் சாற்றுக்கும் மசியாமல் வளர்ந்திருந்தது. அதையும் எடுத்துக் காட்டினேன். செல்லம்மா நல்ல காயாகப் பார்த்து மடியில் பறித்துப் போட்டுக்கொண்டார்.

"இது வெதைக்குங்க. வார போகத்துக்கு மொத்தக் காட்டுக்கும் அடிச்சுப் போடலாங்க."

கொல்லாமலே பயிரைக் காக்கலாம் என்று நிரூபிப்பதற்குள், புழு மெலிந்த அளவுக்கு நானும் மெலிந்திருந்தேன்.