பேர் சொல்லாதது

என் அண்ணன் ரிதம் பேட் வாசிப்பவன். ரப்பர் கட்டங்கள் பதித்த ஒரு பலகை போல இருக்கும் அது. எந்தக் கட்டத்தைக் குச்சியால் தட்டினால் எந்த ஒலி வரவேண்டும் என்று நாமே சேமித்து வைத்துக்கொள்ளலாம். தபேலா, டிரம்ஸ், பம்பை, உருமி, சலங்கை, கைதட்டல் எல்லாம் அவனுடையதில் இருந்தன. அருப்புக்கோட்டையில் ஒரு இன்னிசைக் குழுவோடு சேர்ந்து, பங்குனியிலும் சித்திரையிலும் பொங்கல் நடக்கிற ஊர்களுக்கெல்லாம் போய்வருவான். கோயில் மேடையில் முதல் பாட்டு அம்மன் பாட்டாகத்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் சினிமாப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பேட் எங்கள் சர்ச்சில் இருக்கும்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது முரணாகத் தெரிந்ததில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது சினிமாப் பாட்டுக்குச் சில விதிகள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடாது. லெந்து என்கிற தவக்கால நாட்களில் கூடாது. பேய் பிசாசு வருகிற பாட்டு எந்த நாளும் கூடாது. பஸ்ஸில் போடும் பாட்டு கணக்கில் சேராது. அது டிரைவரின் பாவம். அம்மா திருச்சுழி பஸ்ஸில் ஏறினால் ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கிற சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருவாள்.

அவளுக்குப் பாட்டு வேண்டும். சர்ச்சில் பெண்கள் கொயருக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆர்மோனியம் வாசிக்கிற வாத்தியார்கூட அம்மா வாய் திறக்கும்வரை கட்டையில் விரல் வைக்கமாட்டார். கீர்த்தனைப் புத்தகத்தை மரியாதைக்கு விரித்து வைத்திருப்பாள், பார்க்கமாட்டாள். பந்தல்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து, அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவள். பிறந்த ஊரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அங்கே ஒரு அம்மன் கோயில் உண்டு. பொங்கலுக்குக் கறி வரும். படைத்த கறி என்று அப்பா தொடமாட்டார். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அப்பா போனபிறகு அவளுக்கு மிஞ்சிய இடம் அந்தக் கொயர் வரிசை. நான் மதுரைக்கு வேலைக்குப் போனபிறகுதான் அதைக் கவனித்தேன். போனில் அவள் சொல்லும் செய்திகள் எல்லாம் அங்கிருந்தே வந்தன. யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யார் தாளத்துக்கு முந்துகிறாள், புது ஐயர் எந்தக் கீர்த்தனையில் சரணங்களைக் குறைக்கிறார். சபைப் போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.

தை மாதக் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது, நானும் ஊருக்கு வந்திருந்தேன். மழையை நம்பிப் போட்ட காட்டில் எது தேறியதோ அதில் முதல் பங்கு சர்ச்சுக்கு வரும். கொத்தமல்லி, குதிரைவாலி, சோளம், பூசணிக்காய், சேவல், முட்டை. கரிமூட்டம் போடுகிற ஒருவர் ஒரு மூட்டை கரி கொண்டுவந்து வைத்திருந்தார். ஆராதனை முடிந்ததும் வாசல் பந்தலில் இவற்றை ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு முன்னால் பாட்டு. வாலிபர் சங்கத்துக்காரர்கள் காலையிலேயே அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, இந்த வருசமாச்சும் பண்டிகை மாதிரி இருக்கட்டும். இழுத்து இழுத்துப் பாடுனா ஏலத்துக்கு ஆளு நிக்காது."

"என்ன அடிக்கணுங்கிற?"

"போன பங்குனியில கோயில்ல அடிச்சீகள்ல, அது."

"ஏலே, அது உருமி அடி."

"உருமியில என்ன இருக்கு, தோலுதான. உங்க பேட்ல அதுகூடக் கிடையாது."

அண்ணன் சிரித்துவிட்டான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஸ்தோத்திரப் பாட்டுக்கு அந்த அடியைப் பொருத்தினான். பொருந்தவும் செய்தது. மைக் செட்காரர் கோயில் திருவிழாக்களுக்குக் கொண்டுபோகும் பெரிய பாஸ் பெட்டிகளையே கொண்டுவந்திருந்தார். ஒன்று கொயருக்கு நேர் எதிரே இருந்தது.

இரண்டாவது சரணத்தில் பாட்டு திடீரென்று மெலிந்தது. அம்மா பாடுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு முக்காடு சரிந்தது. கொண்டை அவிழ்ந்தது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, அடிக்கு அடி உடம்பைச் சுழற்றினாள். சர்ச்சில் யாரும் அப்படி ஆடி நாங்கள் பார்த்ததில்லை. கோயிலில் பார்த்திருக்கிறோம்.

"ஆவியானவர் எறங்கிட்டாரு, தோத்திரம்" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"எந்த ஆவின்னு மொத பாருங்க" என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

பண்டிகைக்குப் பிரசங்கம் செய்ய அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். அவர் அம்மாவின் தலையில் கைவைத்தார். மற்ற கையில் மைக் இருந்தது. "நீ யாரு? பேரைச் சொல்லு." அம்மா பதில் சொல்லவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அண்ணன் குச்சிகளைக் கீழே போட்டான். அடி நின்றது. அம்மா மல்லி மூட்டைகள்மேல் சரிந்தாள்.

ஐயர் வந்து ஊழியக்காரரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "அவுகளுக்குக் காத்து விடுங்க. யாராச்சும் சோடா கொண்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏலத்தை ஆரம்பிக்கலாம்" என்றார். ஏலம் நடந்தது. அம்மா மூட்டையோரம் உட்கார்ந்து கொண்டையைப் போட்டுக்கொண்டு, சேலையில் ஒட்டிய மல்லிச் சருகைத் தட்டிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அவள்மேல் மல்லி வாசனை அடித்தது.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு மெஷின் நின்றுபோனால் அதற்கான காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கவேண்டும். மறுநாள் அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. பந்தலுக்குள் புழுக்கம். பாஸ் பெட்டி நெஞ்சுக்கு நேரே அதிர்ந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் ஊரில் கேட்ட அடி, மனது மறந்தாலும் உடம்பு மறந்திருக்காது.

அம்மா குதிரைவாலியில் கல் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீ சொல்றது அம்புட்டும் சரியாத்தான் இருக்கும் தாயி."

"அப்புறம் என்னம்மா?"

"எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்கப்பா போன பெறகு அப்படி இருந்ததில்ல. யாரோ என்னயத் தேடி வந்து கூப்பிட்ட மாதிரி. யாருன்னுதான் தெரியல."

அதன் பிறகுதான் ஊர்க் கதையைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், பங்குனிப் பொங்கலில், அவளுக்குச் சாமி வரும். "கொட்டு அடிச்சா வரும். பூசாரி விபூதியப் போட்டுட்டு, வந்திருக்கது யாருன்னு கேப்பாரு. பேரு சொல்லணும். சொன்னா சாமி. சொல்லலைன்னா பேயி. வேப்பங்கொழையால அடிச்சு வெரட்டிருவாக. எனக்கு ஒருநாளும் பேரு வராம இருந்ததில்ல."

"இப்ப அதெல்லாம் எதுக்கும்மா?"

"நேத்து அந்த ஊழியக்காரரு கேட்டாருல்ல. எனக்குக் கேட்டுச்சு. சொல்லுவோம்னு உள்ள பாத்தேன். பேரே இல்ல." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "ஆண்டவரா இருந்தா சொல்லியிருப்பாரு. அந்த ஆத்தாவா இருந்தாலும் சொல்லியிருப்பா. ரெண்டு பேரும் இல்லன்னா அது என்னது?"

நான் முறத்தின் மறுபக்கம் உட்கார்ந்து அவளோடு கல் பார்க்கத் தொடங்கினேன்.

ஊர் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு அத்தை, "என்ன மதினி, நீங்க ஆடுன ஆட்டத்துல எஞ்சேவலு நல்ல வெலைக்குப் போச்சு. வருசா வருசம் ஆடுங்க" என்றாள். அம்மா, "ஒஞ்சேவலு என்னயவிட நல்லா ஆடுச்சே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஐயரும் ஐயரம்மாவும் வீட்டுக்கே வந்தார்கள்.

"நான் கமிட்டியில சொல்லிட்டேன். இதுல விசாரிக்க ஒண்ணுமில்லம்மா. தாவீது ராஜாவே உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி ஆடுனவருதான்" என்றார் ஐயர்.

"தாவீதுக்கு யாரு முன்னாடி ஆடுறோம்னு தெரியுமுல்ல ஐயா" என்றாள் அம்மா.

ஐயர் டீயைக் குடித்து முடித்தார். நல்ல மனிதர். திருவிருந்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அம்மா தலையாட்டினாள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு நான் ஊரில் இருந்தேன். அம்மா கொயர் வரிசைக்குப் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசை எழுந்தபோது அவள் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கடந்து போவதற்காக முழங்காலை ஒருபக்கமாகத் திருப்பிக்கொடுத்தாள். சபை அவளை விலக்கவில்லை. ஐயர் அழைத்துவிட்டுப் போயிருந்தார். அவளை விலக்கியது அவள் பிறந்த ஊர்க் கோயிலின் சட்டம். கிறிஸ்தவளாகி இத்தனை வருடம் ஆனபிறகும், தன்னைத் தானே நிறுத்துப் பார்க்க அவள் கையில் எடுத்தது பூசாரியின் தராசைத்தான். நான் இதை அவளிடமே சொன்னேன்.

"சட்டம் எங்க இருந்து வந்தா என்ன தாயி. பந்திக்கு யாரு வந்திருக்கான்னு தெரியணும்ல. என்னயவே எனக்குத் தெரியாம ஆண்டவர் பந்தியில எப்படி ஒக்காருவேன்?"

"ஜெபம் பண்ணிக் கேளும்மா."

"அதத்தான் கேக்குறேன். தெனமும் பேரத்தான் கேக்குறேன்."

அண்ணன் வேறு வழியில் முயன்றான். ஒருநாள் பேட்டை அம்மாவின் முன்னால் வைத்து, பட்டனை அழுத்தி, "பாரும்மா, அந்த உருமிய அழிச்சிட்டேன். இனிமே இதுல அது கிடையாது" என்றான்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அதுலயாடா இருந்துச்சு? ஏலே, அது ஒம் பொழப்பு. பங்குனி வருது. எத வச்சு அடிப்ப?"

அந்தப் பங்குனிக்கு அவன் எந்த ஊருக்கும் போகவில்லை. குழுவில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் லோடு ஆட்டோ ஓட்டத் தொடங்கினான். வண்டியில் பாட்டுப் பெட்டி இருந்தது. அவன் அதைப் போட்டு நான் கேட்டதில்லை. வீட்டில் இருவரும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள், சாப்பிடுவார்கள், டிவி பார்ப்பார்கள். அதில் பாட்டு வந்தால் யாராவது ஒருவர் சேனலை மாற்றிவிடுவார். யார் மாற்றுவது என்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. ஆர்மோனியத்தைக்கூடத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மதியம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனையில் மனிதக் குரல் மட்டும்தான் இருக்கும். அம்மா பாடுவதானால் அன்றைக்குப் பாடுவாள் என்று நினைத்திருந்தேன். ஐயரம்மாவும் அப்படியே நினைத்திருக்கவேண்டும். சர்ச் வாசலிலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு மட்டும் எடுத்துக் குடுங்கம்மா. நீங்க இல்லாம சுருதி கெணத்துக்குள்ள போயிருது. மேளமில்ல, தாளமில்ல. ஆண்டவரும் நாமளும்தான்."

அம்மா சர்ச்சுக்குள்ளே பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்றாள்.

வெள்ளைச் சேலையில் கொயர் வரிசையின் ஓரத்தில் நின்றாள். நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன். அண்ணன் ஜன்னலோரம் நின்றான். சிலுவைப்பாடுகளைப் பற்றிய கீர்த்தனை அது. மெதுவாக, நடக்கமுடியாதவர் நடப்பதுபோலப் போகும். அம்மா முதல் அடியை எடுத்தாள். குரல் கொஞ்சம் கரகரத்துப் பிறகு தெளிந்தது. முன்னால் இருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பல்லவி முடிந்து முதல் சரணம் முடியும்வரை எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நானும் இருந்தேன்.

இரண்டாவது சரணத்தில் தற்செயலாகக் கீழே பார்த்தேன். செருப்பில்லாத அவள் வலது கால், சேலைக் கரைக்குக் கீழே, தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. கீர்த்தனையின் தாளம் அல்ல அது. அதைவிட வேகம். அந்த உருமி அடியை நான் அடையாளம் கண்டுகொண்ட நேரத்தில் அம்மாவும் குனிந்து பார்த்தாள். பாடியபடியே இடது காலைத் தூக்கி வலது பாதத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அழுத்த அழுத்த அவள் குரல் குறைந்துகொண்டே வந்து, ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. மற்றவர்கள் சுருதி இறங்கி, ஆளுக்கொரு பக்கமாக இழுத்து, பாட்டை முடித்தார்கள்.

ஜெபிப்போம் என்றார் ஐயர். எல்லோரும் முழங்காலிட்டோம். அம்மா மட்டும் ஒரு காலின்மேல் இன்னொரு காலை வைத்து, முன்பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.