சண்முகத்தாய்க்கு ஒரு அப்பளம்

தீபாவளி முடிந்துவிட்டால் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பூட்டு விழுந்துவிடும். ஊர் உலகமெல்லாம் வெடித்து முடித்த பிறகுதான் வெடி செய்தவர்களுக்கு விடுமுறை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து விடுமுறையில் போர்மேன் காசிராஜன் ஒரு வேன் பிடித்தார். மதுரைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு டூர். எங்கே போவது என்பதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிவு செய்துவிட்டார்கள். எங்கே சாப்பிடுவது என்பதற்குத்தான் பிள்ளையார் கோயில் முன்னால் சாயங்காலம் சாயங்காலமாகக் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தில் பேசியதெல்லாம் ஆம்பளைகள். சண்முகத்தாய் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ராட்டினத்தின் மேல் ஆசையில்லை, அலையடிக்கிற குளத்தின் மேலும் ஆசையில்லை. ஒரே ஒரு ஆசைதான். ஹோட்டலில் போய் நாற்காலியில் உட்கார வேண்டும். சோற்றை வேறு யாராவது கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, "வேற என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இதுவும் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் அவள் சாப்பிட்ட சோற்றைப் பார்த்ததில்லை. லோடு ஏற்றுகிற வெள்ளைத்துரைக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து விடியுமுன் அடுப்புப் பற்றவைத்து அவனுக்கு ஒரு கேரியர், தனக்கு ஒரு கேரியர் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவள் அவள். பகலெல்லாம் கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடைப்பாள். மத்தியானம் வேப்பமரத்தடியில் தான் வடித்த சோற்றை, அது ஆறிப்போன பிறகு, தானே தின்பாள். ஹோட்டல் பலகாரமென்றால் சம்பளத்தன்று வெள்ளைத்துரை கொண்டுவரும் புரோட்டாப் பொட்டலம்தான். அவன் கடையில் சுடச்சுடத் தின்றுவிட்டு வந்திருப்பான். பிள்ளைகள் தின்றது போக அவளுக்கு மிஞ்சுவது சால்னா ஊறிய இலை. கல்யாண வீட்டிலாவது உட்கார்ந்து தின்னலாமென்றால் காய் நறுக்க, பரிமாற என்று கூப்பிட்டுவிடுவார்கள். கடைசிப் பந்தியில் பாயசத்துக்குள் முந்திரியைத் தேடினால் அண்டாவின் அடிதான் கரண்டியில் தட்டும்.

ஆகவே கூட்டத்தில் ஒரு ஹோட்டல் பெயர் வரும்போதெல்லாம் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"விருதுநகர்ல எண்ணெய்ப் புரோட்டா தின்னுட்டுப் போவோம்" என்றான் ஒருத்தன்.

"விடியக்காலம் எவன்லே ஒனக்குப் புரோட்டாக் கல்லப் பத்தவச்சுக் காத்திருக்கான்?" என்று காசிராஜன் மடக்கினார்.

"அப்பம் சாத்தூர்ல சேவு வாங்கிக்கிடுவோம்."

"வடக்க போறவன் எதுக்குலே கெழக்க போகணும்?"

மதுரையிலேயே ஒரு நல்ல ஹோட்டலில் சாப்பிடலாம் என்று யாரோ சொன்னபோது சண்முகத்தாய் ஓரத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் வேன் நிறைய ஆளைக் கண்டால் ஹோட்டல்காரன் சாம்பாரில் தண்ணீரை ஊற்றிவிடுவான் என்று இன்னொருத்தர் பயமுறுத்தினார். அதற்கும் தலையாட்டினார்கள். கடைசியில் வெள்ளைத்துரை எழுந்தான்.

"எதுக்கு வீண் பேச்சு? எம் பொண்டாட்டி புளியோதரை கிண்டுனா எந்த ஹோட்டலு நிக்கும்? கட்டுச்சோறு கட்டிருவோம்."

படபடவென்று கைதட்டினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் அவளுடையது, கையும் அவளுடையது. கைதட்டல் மட்டும் வெள்ளைத்துரைக்கு.

"மதினி, மொகம் ஏன் செத்துப்போச்சு?" என்று பக்கத்தில் இருந்த பாண்டிச்செல்வி கேட்டாள். அவளிடம் மட்டும் சண்முகத்தாய் தன் ஆசையைச் சொன்னாள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. "நமக்கெல்லாம் எங்க மதினி" என்றாள்.

கட்டுச்சோற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. தீம் பார்க்குக்குள் வெளிச்சாப்பாட்டை விடமாட்டார்களாம். காசிராஜனின் மச்சான் போய்வந்தவர், சொல்லியிருக்கிறார். பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? திட்டம் தயாரானது. புளியோதரைத் தூக்குவாளியைக் கட்டைப்பையில் வைத்து மேலே துண்டுகளை அடுக்க வேண்டியது. பையைச் சண்முகத்தாயிடம் கொடுக்க வேண்டியது.

"சண்முகத்தாயி மொகத்தப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான்" என்றார் காசிராஜன். அந்த முகம் டூருக்கு முந்தின நாள் முழுவதும் அடுப்புப் புகையில் வெந்துகொண்டிருந்தது.

காசிராஜன் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. கம்பெனி வாசலில் தினமும் சோதனை உண்டு. தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகக் கூடாது. அங்கே மறைத்தால் போவது வேலை மட்டுமில்லை, கூட இருக்கிறவர்கள் உயிரும்தான். அதனால் கேட்டைப் பார்த்ததுமே இரண்டு கையையும் தூக்கி நின்று, கேட்குமுன்னே உள்ளதைச் சொல்லிவிடுவது சண்முகத்தாய்க்கு மூச்சுவிடுவது மாதிரி.

தீம் பார்க் வாசலிலும் காக்கிச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். "பையில என்னம்மா?" என்றாள்.

"துணிமணிதான் தாயி" என்று காசிராஜன் முந்திக்கொண்டார்.

அதற்குள் சண்முகத்தாயின் இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டன. அது பழக்கதோஷம், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் தானாகத் திறக்கவில்லை. ஒரு கணம் அந்த நாற்காலியையும் முன்னால் வந்து இறங்கும் தட்டையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தது.

"அடியில புளியோதரை இருக்கு தாயி. அந்த அக்கா பையில தயிர்ச்சோறு. அந்தா அந்தப் பையில அவிச்ச முட்டை."

காசிராஜனுக்கு வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துபோயிற்று. அத்தனை பையும் வேனுக்குத் திரும்பின. "கூறு கெட்டவளே, இது என்ன நம்ம கம்பெனி கேட்டா?" என்று வெள்ளைத்துரை சீறினான். "பழகிப்போச்சுல்ல, என்ன செய்யச் சொல்றீக?" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததற்குக் காரணம் வெட்கமில்லை, சிரிப்பை அடக்க முடியவில்லை.

காலையெல்லாம் தண்ணீரில் ஆட்டம் போட்டுவிட்டு, மத்தியானம் வயிறு கத்த, எல்லாரும் உள்ளே இருந்த சாப்பாட்டு ஹாலுக்குப் போனார்கள். சண்முகத்தாய் ஈரச் சேலையைப் பிழிந்து உதறிக்கொண்டு, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். கையை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். மடியில் வைத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

பாண்டிச்செல்வி வந்து குனிந்து சொன்னாள். "மதினி, இங்கன யாரும் கொண்டாந்து வைக்க மாட்டாகளாம். நாமளே வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து தின்னணுமாம்."

சண்முகத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய திட்டத்தை உண்மையைச் சொல்லிக் கெடுத்து, புருஷனிடம் ஏச்சு வாங்கி, வந்து சேர்ந்த இடத்திலும் தட்டைத் தூக்கச் சொல்கிறார்கள். சுற்றிலும் பார்த்தாள். விஸ்வநத்தத்துப் பொம்பளைகள் எல்லாரும் சொல்லாமலே எழுந்து, புருஷனுக்கும் பிள்ளைக்கும் வாங்க வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாயின் பிள்ளைகளும் பாண்டிச்செல்வியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டன.

"ஏ புள்ள, என்ன ஒக்காந்துட்ட? போயி வாங்கிட்டு வா, பசி உசிரு போகுது" என்றான் வெள்ளைத்துரை.

சண்முகத்தாய் இரண்டு கையையும் தூக்கினாள். காலையில் கேட்டில் தூக்கிய மாதிரியே.

"எங்கிட்ட என்ன இருக்கு? கிண்டுன சோறு அம்புட்டும் வேனுல கெடக்கு. இன்னிக்கு எனக்குச் சோலி முடிஞ்சுபோச்சு. நீங்க போயி வாங்கிட்டு வாங்க."

வெள்ளைத்துரை அவளை முறைத்தான். அவள் கையை இறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பசிக்கு முறைப்பதால் ஒன்றும் ஆகாது என்பது அவனுக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போய் வரிசையில் நின்றான். ஆயிரம் பட்டாசுப் பெட்டியை அலுங்காமல் லாரியில் அடுக்குகிறவன், இரண்டு சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு ரசம் சிந்தச் சிந்த வந்தான். தட்டை அவள் முன்னால் டொக்கென்று வைத்தான்.

"இன்னும் வேற என்ன வேணும்?" என்று பல்லைக் கடித்தான்.

ஆத்திரத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் கேள்வி கேள்விதானே. சண்முகத்தாய் தட்டை நிதானமாகப் பார்த்தாள். சோறு, சாம்பார், ஒரு பொரியல், ரசம், மோர். நன்றாக யோசித்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"ஒரு அப்பளம்" என்றாள்.

வெள்ளைத்துரை மறுபடியும் போய் வரிசையில் நின்றான்.