டாலிகஞ்ச் வீடும் மிஸ் லோராவின் நாற்காலியும்

கடல்தாண்டிய சொத்து விவகாரங்களை டைப் அடிக்கும் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது, எழுதிக்கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதுதான். வெளிநாட்டில் இருப்பவரிடம் வீடு வாங்கிவிட்டு, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சகோதரிகள் என்னைப் போல் இன்னும் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான், என் பெண் மீனு தூங்கியபிறகு இதை எழுதுகிறேன். கல்கத்தாவில், அலிப்பூர் கோர்ட்டுக்கு எதிரே சென் பாபு என்ற வக்கீலிடம் எனக்கு வேலை. கான்வென்ட் இங்கிலீஷுக்காகத்தான் என்னை வைத்துக்கொண்டார்.

சீல் வைத்த வீடு

என் முதல் வாரத்தில் ஒரு கிழவர் வந்தார். மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து என் டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்தார். டாக்காவில் அவருக்கு மாடிவீடு. கலவரத்தில் பூட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தவர், இப்போது அதை விற்க வேண்டும் என்றார். சென் பாபு காகிதங்களைப் பார்த்துவிட்டு, "எல்லையைத் தாண்டி வந்தவர்கள் சொத்தை அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. சாவி உங்களுடையது, வீடு உங்களுடையது இல்லை" என்றார்.

கிழவர் கோபப்படவில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கார்டு ஒன்றைக் காட்டினார். வாசலில் சர்க்கார் சீல் அப்படியே இருக்கிறதாம். ஆனால் மாடியில் சாயங்காலமானால் வெளிச்சம் தெரிகிறதாம். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வீடு சர்க்காருக்கே இருக்கட்டும் மா, மாடியில விளக்கேத்துறது யாருன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் கேளு."

நடுங்காத கை

வெளிநாட்டுக்குப் போனவர் இங்கே ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்து வீட்டை விற்கச் சொல்வார். கொடுத்தவர் இறந்த நிமிஷமே அந்தப் பவரும் செத்துவிடும். அதனால் சென் பாபு ஒரு வழக்கம் வைத்திருந்தார். பதிவுக்கு முன்னால், அந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வியை எழுதி அனுப்புவோம். கைப்பட பதில் வரவேண்டும்.

லண்டனில் இருந்த ஒரு வயதான டாக்டருக்கு, மாடிப்படியில் எத்தனையாவது படி உடைந்தது என்று எழுதினோம். அவருடைய மருமகன்தான் பவர் ஏஜென்ட். பதில் சரியாகவே வந்தது. ஆனால் குமாஸ்தா ஹரிதா, நம் வழக்கில் ஹரி அண்ணா, பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பதிவை நிறுத்தச் சொன்னார். பழைய கையெழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சி போல நெளிந்தது; புதியது ஆணி அடித்த மாதிரி நின்றது. விசாரித்ததில் டாக்டர் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஹரிதா எனக்கு அப்பா வயது, ஆனாலும் என்னை 'பௌதி', அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "செத்தவங்க கையெழுத்துதான் பௌதி ரொம்ப அழகா இருக்கும், கை நடுங்காதே."

ஜன்னலோர நாற்காலி

எங்கள் கதைக்கு வருகிறேன். டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீடு மிஸ் லோரா என்ற ஆங்கிலோ-இந்திய டீச்சருடையது. அவர் தம்பியோடு மெல்போர்னில் குடியேறி அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டார். வீட்டை எங்களுக்கே விற்க, இங்கே ஒருவருக்குப் பவர் கொடுத்திருந்தார். வெளிநாட்டுப் பிரஜை இங்கே வீட்டை விற்க மேலிடத்து அனுமதி வேண்டும். அது வரப் பதினோரு மாதம் ஆயிற்று. எங்களிடம் இருந்ததெல்லாம் அந்த வீட்டில்தான் போகப்போகிறது. வீடு கைவிட்டுப் போனால் மீனுவுக்கு வேறு கூரை கிடையாது.

கேள்வியை நானே எழுதினேன்: "வீட்டில் நீங்கள் விட்டுப்போன நாற்காலி எது?" பதில் வந்தது. நெளிந்த எழுத்து, நிம்மதியாக இருந்தது. "கிழக்கு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி. உன் பெண் அதன் பக்கத்திலேயே விளையாடட்டும், எனக்குத் தொந்தரவில்லை." அவர் கப்பலேறிய பிறகு பிறந்தவள் மீனு. அவளைப் பற்றி நான் எழுதியதேயில்லை. அந்த நாற்காலியில் மீனு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பேசுவாள். கேட்டால், "ஆன்ட்டி உட்கார்ந்திருக்கா" என்பாள். என் கணவரிடம் கடிதத்தைக் காட்டினேன். ஷேவிங் பிரஷோடு திரும்பிச் சொன்னார்: "மீனுவைப் பத்தி நீயே எழுதியிருப்பே, மறந்திருக்கும். உன் பயத்துக்கும் சேர்த்து ஸ்டாம்ப் டூட்டி கட்ட முடியுமா?"

பதிவு நாள்

ஆடி மழை. பன்னிரண்டு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் இருக்கவேண்டும். பத்தரைக்கு டாக்ஸி வந்தது. ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போகத் திரும்பினால், மீனு பிரம்பு நாற்காலியில் ஏறிக் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலைப் பார்த்து ஒரு டாட்டா.

"ஆன்ட்டி எங்கேடி?" என்றேன். வங்காளமும் தமிழும் கலந்து பதில் சொன்னாள்: "சோலே கேச்சே, போயிட்டா. செருப்பு போடாமலே போயிட்டா."

அஃபிடவிட்

அன்று மிஸ் லோராவின் பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டார், வீடு எங்களுடையதாயிற்று. மூன்று வாரம் கழித்து மிஸ் லோராவின் தம்பி எழுதினார். பதிவு நடந்த அதே தேதியில், மத்தியானம் மூன்று மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

சென் பாபு பென்சிலால் கணக்குப் போட்டார். மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி முந்தியது. அங்கே மூன்று என்றால் இங்கே பத்தரை. "அப்படியானால் கையெழுத்துப் போட்டபோது பவர் செத்துப்போயிருந்தது" என்றார். "பயப்படாதே மா. யாருக்கும் தெரியாமல் நடந்திருந்தால் சட்டம் உங்களைக் காப்பாற்றும். தெரிந்து செய்திருந்தால்தான் வீடு போகும். தெரியாது என்று சத்தியம் செய்து கொடு."

அந்த அஃபிடவிட்டை நானே டைப் அடித்தேன். 'மேற்படியார் இறந்த செய்தி எந்த வழியிலும் என் அறிவுக்கு எட்டவில்லை.' 'எந்த வழியிலும்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. சின்னப் பொய்க்கு முட்டிபோட வைத்த கான்வென்ட் சிஸ்டர்கள், சத்தியம் செய்து சொல்லும் பொய்க்கு என்ன தண்டனை என்று சொல்லித்தரவேயில்லை. வீட்டில் மீனு அந்த நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். என் பெயர் கம்பளிப்பூச்சி போல நெளிந்தது. இன்னொரு தாள் வேண்டும் என்றேன். ஹரிதா எட்டிப்பார்த்து, தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்: "நடுங்கட்டும் பௌதி, அப்பத்தான் உயிரோட இருக்கிறவங்க போட்டதுன்னு நம்புவாங்க."

அன்று சாயங்காலத்திலிருந்து மீனு மறுபடியும் தரையில்தான் உட்காருகிறாள். வெளிநாட்டுப் பிரஜை தன் வீட்டை விற்கத்தான் மேலிடத்து அனுமதி வேண்டும், திரும்பி வந்து உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம் போலிருக்கிறது.