கேமரா அக்காவின் சாட்சி

என் அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் கேமரா. எங்கள் சலவைக் கடையில் அப்போது ரசீது கிடையாது. துணி கொண்டுவருகிறவர் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து வந்தாலும், தாடி வளர்த்துக்கொண்டு வந்தாலும், அவரவர் மூட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட மாறிப்போனதில்லை. அதனால் வந்த தலைக்கனத்தைக் கேட்கவே வேண்டாம். "ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கி வைப்போமேக்கா" என்று நான் இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்லாத நாளில்லை. "ஞாபகம் இல்லாதவளுக்குத்தான்டி காகிதம்" என்பாள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

எதிர்ச் சாரியில் ஒரு மருந்துக் கடை. ஒரு மழை நாள் மத்தியானம் எவனோ ஒருவன் கடைக்காரரை இரும்புக் குழாயால் அடித்துக் கொன்றுவிட்டு ஓடினான். எங்கள் வாசலைக் கடந்துதான் ஓடினான். நான் உள்ளே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். எங்கள் வாசலைக் கடக்க, ஓடுகிறவனுக்கு இரண்டு விநாடி போதும். நானே பிறகு ஓடிப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காவல் நிலைய ரைட்டர் வாக்குமூலம் எழுத வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். சாட்சிகள் பயத்தில் உளறிவிடக் கூடாது என்று, அடையாள அணிவகுப்புக்கு முன்னாலேயே சந்தேகத்தில் பிடித்தவனின் போட்டோவைக் காட்டிவிடுவது அவர் வழக்கம். அதை உபகாரம் என்றே நினைத்திருந்தார்.

"சும்மா பாத்து வச்சுக்குங்கம்மா. அங்கே வந்து பதறாம இருக்கும்."

அக்கா போட்டோவை வாங்கியதும், "இந்த மூஞ்சியை எனக்குத் தெரியும்" என்றாள்.

அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஓடினவன் இவன் என்று அவள் சொல்லவில்லை. தெரியும் என்றுதான் சொன்னாள். ஆனால் கொலை நடந்த மறுநாள் ஒரு முகம் தெரிகிறது என்றால், வேறு எங்கே பார்த்தாய் என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? ரைட்டருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தியபோது, நேராகப் போய் போட்டோவில் இருந்தவன் தோளைத் தொட்டாள். அவன் ஒரு தச்சன். கைரேகை கிடைக்கவில்லை, குழாயும் கிடைக்கவில்லை. "எவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?" என்று கோர்ட்டில் கேட்டார்கள். "நூத்துக்கு நூறுங்க" என்றாள். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தாள்.

நாலு வருஷம் கழித்து, அப்பீலில் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை தச்சன் தரப்பில் ஒரு மனோதத்துவ டாக்டரம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். சாட்சி என்பதால் அக்கா வெளியே இருக்க, நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"முகம் மனசுல தங்கிடும்" என்றார் டாக்டரம்மா. "அதை எங்கே பார்த்தோம்ங்கறது நழுவிடும். அப்புறம் மனசே அந்த முகத்தைக் கொண்டுபோய் வேற ஒரு சம்பவத்துல ஒட்ட வச்சிடும். முன்கூட்டியே போட்டோ வேற காட்டினா, ஒட்டினது இறுகிடும். சாட்சி பொய் சொல்றதா நான் சொல்லலை. அவங்க மனசார நம்பறாங்க. ஆனா அவங்க உறுதியாச் சொல்றாங்கங்கறதுக்காக அது சரியா இருக்கணும்னு இல்லை."

கண்ணால் காண்பதும் பொய் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அதைச் சொல்ல ஒரு டாக்டர் படிப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவேளையில் வெளியே வந்து அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். சொல்லக் கூடாதாம், எனக்கு வாய் நிற்குமா?

"என்னைப் பைத்தியம்ங்கறாளா அவ?" என்று அக்கா பொங்கினாள்.

அப்போது தச்சனின் மனைவி எங்கள் முன்னால் வந்து நின்றாள். அவள் கத்தியிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். கத்தவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. அவர் மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு? ஒரே ஒரு தடவைதானே உங்க கடைக்கு வந்தாரு? பையில மை ஊத்தின சட்டை. மூடி போடத் தெரியாதவனுக்குப் பேனா ஒரு கேடான்னு நீங்க திட்டினதை, வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே. அந்தத் தெருப் பக்கமே போனதில்லைன்னு சொல்லுன்னு பழைய வக்கீல் சொல்லிக் கொடுத்தாரு. அதுலதான் எல்லாம் கெட்டுது."

அக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

"நீலக் கட்டம் போட்ட சட்டை" என்றாள் மெதுவாக. "ரெண்டு தடவை ஊற வச்சும் கறை போகலை. அடியே, நான் அவனை நம்ம கடையிலதான்டி பாத்திருக்கேன்!"

ஒரு ரசீது இருந்திருந்தால், அதில் அவன் பெயரும் தேதியும் இருந்திருக்கும். எனக்கு அதுகூட அப்போது தோன்றவில்லை. "வாயை மூடுக்கா. இப்பப் போய் மாத்திச் சொன்னா உன்னைத் தூக்கி உள்ளே போட்டுடுவாங்க" என்றேன். சொன்னேன்தான். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது. நாலு வருஷமாக உள்ளே இருந்தவனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அக்கா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள். சட்டை, மை, போட்டோ, ஒன்றையும் விடவில்லை.

"அப்போ ஓடினது இவர் இல்லைங்கறீங்களா?" என்று அரசுத் தரப்பு வக்கீல் அதட்டினார்.

"ஓடினவன் மூஞ்சி எனக்குத் தெரியலைங்க. எனக்குத் தெரிஞ்சது சட்டை கொண்டு வந்தவர் மூஞ்சி. தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டேன்."

தீர்ப்பு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அக்கா கடைக்கு வந்த யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். துணி மடிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். தச்சனிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை. "காலைத் தொட்டுடட்டுமாடி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அவனை விடுதலை செய்தார்கள். சாட்சி வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று நீதிபதி தீர்ப்பிலேயே சொல்லிவிட்டார். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. தீர்ப்பு முடிந்ததும் கோர்ட்டின் வெளி நடையில் அக்கா டாக்டரம்மாவை மறித்தாள்.

"இப்பதான் உண்மை தெரிஞ்சு போச்சே. இனிமே அந்த ஓடினவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் வருமா?"

"வராதும்மா. கண்ணை மூடினா இன்னும் இவர்தான் ஓடுவாரு. உங்களுக்கு உண்மை தெரியும். மனசு கேக்காது."

கதவு திறந்தது. தச்சன் மனைவியோடு வெளியே வந்தான். காதோரம் நரைத்து, தோள் ஒடுங்கியிருந்தான். அக்கா கைகூப்பிக்கொண்டு இரண்டு அடி வைத்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். அக்கா "ஐயோ" என்று என் கையைப் பிடித்து இழுத்து, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொலைகாரனைப் பார்த்தவள் எப்படி ஒளிவாளோ, அப்படியே.

அவன் அதைப் பார்த்துவிட்டான். வெறும் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கினான்.

"பயப்படாதீங்கம்மா. நான் இப்படியே போயிடறேன்."