புகையடித்த நாளும் டிஸ்கஸ் குஞ்சுகளும்

தனலெட்சுமி வாங்கிய கோப்பை என்று வீட்டில் ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் வென்றவை உண்டு. பிறப்பைப் பதியாமல் விடப்பட்ட தோட்டத்துப் பிள்ளை, முப்பத்தெட்டு வயதில் மலேசியக் குடியுரிமைக்கான நீல அடையாளக் கார்டு வாங்கினாள். ஒரு கால் சூம்பியவள், சைக்கிள் மிதித்தே வேலைக்குப் போய் வந்தாள். அடிக்கிற புருஷனை விட்டு ஒரு துணிப்பையோடு ரெங்கம் ஊரில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவேயில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எவராலும் வளர்க்க முடியாது என்ற டிஸ்கஸ் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்தாள்.

அந்த மீன்கள் அவள் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. அவள் துணி துவைத்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போகும்போது, "தொட்டியோட எடுத்துக்க தனம், இல்லேன்னா தூக்கிப் போட்டுடுவோம்" என்றார்கள். தட்டு மாதிரி வட்டமாக, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன். அவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் நேராக ஆகாது. பெரிய டிரம்மில் பிடித்து, மருந்து நெடி போக ஊறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். காலையில் வேலை பார்க்கும் கேண்டீனில் மங்குப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து, சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவாள். அக்கா ராசம்மா தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி வருவாள். அவளும் ஒரு வாளியைப் பிடிப்பாள். இருவருக்கும் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

அந்த ஜோடி முட்டையிடும், பிறகு தானே தின்றுவிடும். இப்படியே பல தடவை. பக்கத்து டவுனான குளுவாங்கில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜெயபாலன் ஒருநாள் சொன்னார்: "டிஸ்கஸ் குஞ்சுங்கள வளத்துக் கொண்டாங்கம்மா. கொண்டாந்தீங்கன்னா என் கடைத் தொட்டியெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். மாசச் சம்பளம்." தனத்துக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. கேண்டீன் சோப்புத் தண்ணீரில் அவள் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. அதிலிருந்து வெளியே வர அவளுக்குத் தெரிந்த வழி அந்தக் குஞ்சுகள்தான்.

ஒருவழியாக ஒரு தடவை முட்டை தப்பியது. கடுகளவு குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அந்த உடம்பில் ஊறும் வழவழப்பையே தின்று வளர்ந்தன. அந்த வாரம்தான் அவர்கள் குடியிருந்த தாமான் வீடுகளில் டிங்கி காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு கொசுப் புகையடிக்கப் போகிறோம், சாப்பாட்டையும் மீன் தொட்டியையும் மூடிவிட்டு வெளியே நில்லுங்கள் என்று சுகாதார இலாகாக்காரர்கள் அறிவித்தார்கள்.

தனம் தொட்டியை பிளாஸ்டிக்கால் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். அதற்கு மேல் ஈரத்துண்டையும் போட்டாள். உள்ளே காற்றில்லாமல் மூச்சு முட்டுமே என்று, தரையில் கிடந்த காற்றுப் பம்பை மட்டும் நிறுத்தாமல் விட்டாள்.

புகை அடங்கி உள்ளே போனபோது டேப் எங்கும் பிரியவில்லை. ஆனால் மீன்கள் கறுத்துப் போய் அடியில் கிடந்தன. ராசம்மாவுக்குப் புரியவில்லை.

"நல்லாத்தானே மூடினே? எங்கேருந்துலா புகை உள்ள போச்சு?"

தனம் பம்பைப் பார்த்தாள். அது இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. "அலமாக், போச்சே! அக்கா, வீட்டுல இருந்த புகைய பூரா இது இழுத்து உள்ள ஊதியிருக்கு. நானே ஊதிட்டேன்கா."

"அழுவுறதுக்கு நேரமில்ல. டிரம்முல தண்ணி இருக்கா?"

"குளியலறை டிரம்மு இருக்கு. மூடிதான் இருந்துச்சு."

பம்பையும் குழாயையும் பிடுங்கி எறிந்தார்கள். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு டிரம் தண்ணீரை ஊற்றினார்கள். பிறகு மறுபடி இறைத்தார்கள். பம்பு இல்லாததால் தொட்டித் தண்ணீருக்குக் கையால்தான் காற்று ஏற்ற வேண்டியிருந்தது. குவளையில் மொண்டு, உயரத் தூக்கி, தொட்டிக்குள்ளேயே ஊற்றினாள் தனம். கை ஓய்ந்தபோது ராசம்மா வாங்கிக்கொண்டாள்.

"வேல முடிஞ்சு வந்து நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான் ஓய்வு," என்றாள் ராசம்மா.

"போய்ப் படுங்கக்கா."

"படுத்தா எந்திரிக்க மாட்டேன். குவளைய குடு."

தாய் மீன் செத்துவிட்டது. அதன் மேலிருந்த குஞ்சுகள் பாதிக்கு மேல் அதோடு போயின. தகப்பன் மீன் மட்டும் மெல்ல நிறம் தேறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. விடியும்போது மிச்சக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் உடம்பில் போய் ஒட்டின. தனம் சிரிக்கவில்லை, அழவுமில்லை. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவி, கேண்டீனுக்குக் கிளம்பினாள்.

அந்தத் தகப்பன் மீன் இளைத்து எலும்பாகிப் போனது. ஆனாலும் குஞ்சுகளை விடவில்லை. அவை தானாக இரை தின்னும் அளவு வளர்ந்ததும், தனம் அவற்றைத் தண்ணீர்ப் பைகளில் கட்டி எடுத்துக்கொண்டாள். அக்காளும் தங்கையும் பஸ் ஏறி குளுவாங் போனார்கள்.

ஜெயபாலன் பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க பொழைச்சுது."

"புகையில மாட்டினதுன்னு உங்கக்கா சொன்னாங்களே, அதுவா?" அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "திங்கக்கெழமையே வந்துடுங்கம்மா."

வேலைக்குச் சேரும் தாளை அவர் அந்தத் திங்கட்கிழமை நீட்டியபோது, தனம் பழக்கத்தில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு மை எங்கே என்று தேடினாள். அடையாளக் கார்டு வாங்கிய அன்றுகூட அவள் விரல்தான் வைத்தாள்.

"மை கெடையாதும்மா. பேனாதான் இருக்கு."

தனம் கூட வந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பதிலாக எழுத ராசம்மா பேனாவை வாங்கவில்லை. தனம் கார்டை எடுத்து மேசைமேல் வைத்து, அதிலிருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தாளில் இறக்கினாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஜெயபாலன் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட அன்று 2023 ஆகஸ்டு 21.