கடைசியாகப் பார்க்க வந்த நாள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தேதியார். டேட்டாபேஸ் 2019-03-07 என்று மொட்டையாகத் துப்புவதை, இணையப் பக்கத்தில் ‘மார்ச் 7, வியாழன்’ என்று வரவைப்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். நாங்கள் எழுதியதில் ஒரு தேதி கோணலாக வந்தாலும் வீட்டுக்கு விடமாட்டார், மனிதர்.

தன் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்கும் அவர்தான் இணையப் பக்கம் செய்துகொடுத்தார். வருகைப் பதிவேட்டில் ஏறும் தேதி, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ‘கடைசியாகப் பார்க்க வந்த நாள்’ என்று தானாகத் தெரியும். கூடத்து டிவியிலும் அது ஓடும். வாரம் தவறாமல் அங்கே போவார். பின்வாசல் வழியாக ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். அப்பா மாடியில். சண்டை ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனம்தான்; எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒரு மதியம் இல்லத்து நர்ஸம்மா போனில் கூப்பிட்டார். பக்கத்து இருக்கையில் எனக்கும் கேட்டது.

“சார், உங்கப்பாவுக்கு மட்டும் 1970 ஜனவரி ஒண்ணுன்னு வருது. ‘அப்ப எனக்குக் கல்யாணமே ஆகலையே, எந்த மகராசி வந்து பார்த்தா?’ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிறாரு.”

தேதியாரும் சிரித்தார். டேட்டாபேஸைத் திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. அப்பாவின் கட்டம் காலி. தேதியே இல்லாததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் நாளெண்ணத் தொடங்கும் முதல் நாளான 1970 ஜனவரி ஒன்றை இணையப் பக்கம் காட்டியிருக்கிறது. காலியாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் எழுதவே இல்லை. ஒருவர்கூட வராமலா இருப்பார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

“ஒரு வரிதானே சார், காலின்னா கோடு போடச் சொல்லிடுங்க,” என்றேன்.

“அப்பா அங்க சேர்ந்து மூணு வருஷம்யா. வெட்கமா இருக்கு,” என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். முன்வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறியிருக்கிறார். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம். அங்கிருந்து பின்வாசல் நன்றாகத் தெரியுமாம். மகனைக் கண்டதும் அவசரமாக எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்:

“கம்ப்யூட்டர் கீழதானேப்பா இருக்கு?”