பேரையூர் பஸ்ஸில் நடந்த கருத்துக்கேட்பு

நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, ஆனையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கலெக்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ஒரு பெண் அலுவலர்.

"மேடம், உங்களுக்குச் சுருக்கெழுத்து இன்னும் கைக்கு வருதா?"

பேரையூர் தாலுகா ஆபீசில் தட்டச்சராகவும் சுருக்கெழுத்தராகவும் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். இப்போதும் டிவியில் செய்தி ஓடும்போது பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி சீச்சுட்டுப் போன மாதிரி இருக்கு" என்பார். அந்தத் தைரியத்தில், "வருது" என்றேன்.

விஷயம் இதுதான். முதியவர்களின் தேவைகளைக் கவனிக்க அரசு ஓர் ஆணையம் அமைக்கப்போகிறது. அந்த ஆணையத்துக்கு என்ன அதிகாரம் இருக்க வேண்டும், யார் உறுப்பினராக வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால், ஒரு குழு ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் கருத்துக் கேட்கும். அவர்கள் பேசுவதை வார்த்தை பிசகாமல் எழுதி எடுக்க ஆள் வேண்டும். சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் இப்போது சர்வீஸில் யாருமில்லையாம்.

மறுநாளே போய் நின்றேன். குழுவில் மூன்று பேர் என்றார்கள். ஒருவர் சென்னையிலிருந்து கடைசிவரை வரவே இல்லை. இன்னொருவர் மதுரைக்காரர், ஓய்வு பெற்ற பெண் டாக்டர், எதற்கும் சிரிக்கத் தயாராக இருப்பவர். குழுவின் தலைவர் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்பது. தலைக்குக் கறுப்புச் சாயம், முழுக்கைச் சட்டை, நிமிர்ந்த நடை. முதியவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவர்கள்' என்றுதான் சொல்வார். 'அவர்களுக்கு மறதி அதிகம்', 'அவர்களிடம் நாம் பொறுமையாகப் பேச வேண்டும்.' நானும் தலையாட்டிக்கொண்டே எழுதினேன். எனக்கும் அறுபத்தொன்று ஆகிவிட்டது என்பது அந்த அறையில் எனக்கே நினைவுக்கு வரவில்லை.

தலைவர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். பத்தொன்பது கேள்விகள். முதல் கேள்வி: 'உங்களைப் பராமரிப்பவர் யார்?' அதற்குக் கீழே நான்கு கட்டங்கள். மகன், மகள், உறவினர், யாருமில்லை.

எங்கள் முதல் கூட்டம் எழுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை ஒன்பது மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள், விசேஷ வீட்டுக்கு வந்தவர்களைப் போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து ஆணையம் என்றால் என்ன என்று இருபது நிமிடம் விளக்கினார். பிறகு படிவத்தை எடுத்து, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

அந்த அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, வெயில் காய்ச்சிய முகம். அடுத்தவர் காட்டில் களையெடுத்தே பாதி ஆயுளைக் கழித்து, பிறகு ஒன்றரை ஏக்கர் வாங்கி, இப்போது அதில் மக்காச்சோளம் போட்டிருப்பவர். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் பிற்பாடுதான்.

"என்னையப் பராமரிக்கிறதா?" என்று அவர் எழுந்து நின்றார். "சார், எங்க மாமியாளுக்குத் தொண்ணூத்தி நாலு. அதுக்குக் குளிக்க வார்த்து, சோறு ஊட்டிட்டு வந்திருக்கேன். மகனும் மருமகளும் திருப்பூர்ல வேல பாக்குறாக. அதுக ரெண்டு பிள்ளைகளும் எங்கிட்டதான் வளருது. ஆடு நாலு கெடக்கு. நான் பராமரிக்கிறதுக எம்புட்டுண்டு கேட்டீகன்னா சொல்லலாம். என்னைய யாரு பராமரிக்கிறாண்டு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. டாக்டர் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தலைவர் நான்கு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதில் டிக் போடுவது என்று தெரியவில்லை.

"சரிம்மா," என்றார். "அப்ப உங்களுக்கு என்ன குறை இருக்கு, அதைச் சொல்லுங்க."

"பஸ்ஸுல ஏற முடியல."

"பஸ் வரலையா?"

"வருது. படி ஒசரம். ஒரு மொழத்துக்கு மேல இருக்கு. அதுவும் நிக்க வேண்டிய எடத்துல நிக்காம அங்குட்டுத் தள்ளி நிப்பாட்டுவாக. நாங்க ஓடணும். ஓடி, கம்பியப் பிடிச்சு, முட்டிய மடக்கி ஏறுறதுக்குள்ள விசில் ஊதிருவாக."

தலைவர் என்னிடம் திரும்பி, "போக்குவரத்து வசதிக் குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த அம்மா உட்காரவில்லை. "எழுதுறது இருக்கட்டும் சார். பஸ் ஸ்டாண்டு இந்தா இருக்கு. கூப்பிடு தூரம். ஒரு எட்டு வந்து நீங்களே ஏறிப் பாருங்களேன்."

மண்டபத்தில் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். மறுத்தால் மரியாதை இல்லை. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நான் நோட்டும் பென்சிலுமாகப் பின்னால் போனேன். எங்களோடு ஏழெட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். டாக்டர் அம்மா மட்டும் மண்டபத்தில் இருந்து மற்றவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்தார்.

நாங்கள் போய்ச் சேரவும் பேரையூர் பஸ் வரவும் சரியாக இருந்தது. அந்த அம்மா சொன்னது போலவே இருபதடி தள்ளித்தான் நின்றது. "ஓடியாங்க" என்று அவர் முன்னால் ஓடினார். தலைவரும் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கம்பியைப் பிடித்தார், வலது காலைத் தூக்கினார். பாதி உயரம்தான் போனது. கீழே இறக்கி மறுபடி தூக்கினார். அப்போது கண்டக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பெருசு, ஏறுறதுண்டா ஏறு. இல்லண்டா அடுத்த வண்டில வா."

தலைவர் திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் யாரோ கிழவர் நிற்கிறார் என்று நினைத்திருப்பார் போல. பின்னால் நின்றது நான்தான்.

அதற்குள் அந்த அம்மா, "செத்தப் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். தலைவர் உள்ளே போய்விட்டார். நானும் ஏறினேன், எப்படி ஏறினேன் என்று கேட்கக் கூடாது. கூட வந்தவர்களும் பின்வாசல் வழியாக ஏறிவிட்டார்கள். படியின் உயரத்தைப் பார்த்தாகிவிட்டது, இறங்கலாம் என்று நாங்கள் திரும்புவதற்குள் விசில் ஊதியது. பஸ் நகர்ந்தது.

நான், "வண்டிய நிப்பாட்டுங்க" என்றேன். டிரைவர் காதில் விழவில்லை. பஸ் கடைத்தெருவைத் தாண்டி, பருத்திக்காட்டுப் பக்கம் திரும்பி வேகம் எடுத்துவிட்டது.

ஜன்னல் ஓரம் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்து எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றாள். அவர் சாயம் பூசிய தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். பெண்கள் என்பதால் எங்களுக்கெல்லாம் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவரிடம் மட்டும் கண்டக்டர் கையை நீட்டினார். அவருடைய பர்ஸ் நாங்கள் எழுமலைக்கு வந்த ஜீப்பிலேயே இருந்தது. நான் என் காசை எடுத்துக் கொடுத்தேன்.

நான்தான் பயந்துபோனேன். இவ்வளவு பெரிய மனிதரை இப்படி ஆக்கிவிட்டோமே, கோபத்தில் குழுவையே கலைத்துவிடுவாரோ என்று.  காற்றில் அவருடைய வாரிய முடி நெற்றியில் விழுந்தது. ஆனால் அவர் அதை ஒதுக்கிவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்து, "தினமும் இப்படித்தான் ஏறுறீங்களா?" என்று கேட்டார்.

"வாரத்துக்கு மூணு நாள் சார். மாமியாளுக்கு மாத்திர வாங்க, பேங்குக்கு, சந்தைக்கு."

"பேங்குல என்ன கஷ்டம்?"

"பேங்கு மாடில இருக்கு."

அதோடு ஆரம்பித்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மைக் இல்லை, மேடை இல்லை, படிவம் மண்டபத்திலேயே கிடந்தது. ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் பெருவிரலை நீட்டிக் காட்டினார். மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகையே அழிந்துபோயிருந்தது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் அவர் இல்லவே இல்லை என்கிறதாம். "ஆளு முன்னாடி நிக்கேன். மெசினு இல்லங்குது. கடைக்காரரு யார நம்புறது?" என்றார். பென்ஷன் வாங்கும் ஒருவர், வருடா வருடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள், நேரில் போய் நின்றாலும் காகிதத்தைக் காட்டச் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பின் சீட்டிலிருந்த ஓர் அம்மா, பல் செட் அரசு ஆஸ்பத்திரியிலேயே கட்டிக் கொடுக்க வேண்டும், தனக்கு முறுக்குத் தின்ன வேண்டும் என்றார். "அத எழுது தாயி, முறுக்குண்டே எழுது" என்று என் தோளைத் தட்டினார்.

எழுதினேன். பஸ் குலுங்கியதில் கோடுகள் எல்லாம் ஏறியும் இறங்கியும் கிடந்தன. முப்பது வருடம் பிறர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன். உத்தரவுகள், அறிக்கைகள், பதில்கள். அன்றைக்குப் போலச் சந்தோஷமாக எழுதிய நாள் எனக்கு நினைவில்லை. என் முழங்காலும் வலிக்கிறது, எங்கள் ஆனையூர் ஸ்டாப்பிலும் பஸ் தள்ளித்தான் நிற்கிறது என்று நடுவில் நானே ஒரு வரி சேர்த்தேன். அதைத் தலைவர் பார்த்துவிட்டார். "உங்க கருத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "இருக்கட்டும். எனக்கும் இடது முழங்கால்தான்" என்றார்.

பேரையூர் வந்து இறங்கும்போது ஜீப் பின்னாலேயே வந்து நின்றது. அதிலிருந்து டாக்டர் அம்மா தலையை நீட்டி, "எங்கள விட்டுட்டு எங்க போறீங்க எல்லாரும்?" என்றார். கதையைக் கேட்டதும் ஜீப்பிலேயே சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். தலைவரும் சிரித்தார். கண்டக்டருக்கு அதற்குள் விஷயம் தெரிந்து, வெளுத்த முகத்தோடு வந்து, "ஐயா, தெரியாமப் பேசிட்டேன்" என்றார். தலைவர் அவர் தோளில் கை வைத்து, "நீங்க சொன்னது சரிதான் தம்பி. எனக்குத்தான் இம்புட்டு நாளாத் தெரியல" என்றார். அவர் 'இம்புட்டு' என்று சொன்னதும்தான் அவரும் இந்தப் பக்கத்துக்காரர் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களில் படிவத்தைக் கொடுக்கவே இல்லை. ஊருக்குப் போனதும் முதலில் பஸ், பிறகு ரேஷன் கடை, பிறகு பேங்க் என்று நடந்தே பார்த்தோம். மக்கள் கூடவே பேசிக்கொண்டு வந்தார்கள். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது தலைவர் நான்கு நாட்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஆணையத்தின் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் அறுபத்தைந்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அவர்களிலும் பாதிப் பேர் கிராமத்தவர்களாக இருக்க வேண்டும், ஆணையம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்காமல் மாதம் ஒரு முறை ஊர்களுக்குப் போய் அமர வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. ஓரிடத்தில் 'முதியவர்களாகிய நாம்' என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "எடுத்துடவா சார்?" என்றேன். "வேண்டாம்" என்றார். அறிக்கை அச்சாகி வந்தபோது மேலே யாரோ அதைத் திருத்தி 'முதியோர்' என்று ஆக்கியிருந்தார்கள். ஆனால் மற்றதில் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

ஒன்பது மாதம் கழித்து ஆணையம் அமைந்தது. எங்கள் மாவட்டக் கிளைக்கும் எங்கள் தலைவரே தலைவர், எழுதி எடுக்க நான்; உறுப்பினர் பட்டியலில் டாக்டர் அம்மாவோடு எழுமலை அம்மாவின் பெயரும் இருந்தது. நான்தான் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் ஆட்டுச் சத்தம் கேட்டது. "மெம்பருண்டா என்ன செய்யணும் தாயி?" என்றார். "மண்டபத்துல பேசுனீங்கள்ல அக்கா, அப்படிப் பேசணும்" என்றேன். "அதுக்குப் பேரா மெம்பரு" என்று போனை வைத்துவிட்டார்.

முதல் வேலையாக எழுமலையிலும் பேரையூரிலும் பஸ் நிற்கும் இடத்தில் ஓர் அடி உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டினார்கள். வண்டி அந்த மேடையை ஒட்டித்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. ரேகை விழாதவர்களுக்கு ரேஷனில் கருவிழியைப் பார்த்து ஆளைக் கண்டுகொள்ளும் கருவி வந்தது. பேங்க் இன்னும் மாடியில்தான் இருக்கிறது, அதற்கு அக்கா மாதா மாதம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பல் செட் விவகாரம் ஃபைலில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் பேரையூரில் அமர்வு. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் மனுவோடு வந்தார். மொபெட் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க மகன் விட மாட்டேன் என்கிறானாம். "ஓட்டக் கூடாதுண்டு எந்தச் சட்டத்துல இருக்கு, அதக் காட்டுங்க" என்று எங்களிடம் கேட்டார். டாக்டர் அம்மா அங்கேயே சுவரில் எழுத்து அட்டையை மாட்டிக் கண்ணைச் சோதித்தார். பெரியவர் கடைசி வரிவரை தடையில்லாமல் படித்தார். தானும் முயன்று பார்த்த தலைவர், தன்னால் அதில் மூன்றாவது வரிக்குக் கீழே படிக்க முடியவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். அக்கா மகனுக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் பேசி, பகலில் மட்டும், ஹெல்மெட்டோடு, மெயின் ரோட்டுக்குப் போகாமல் ஓட்டலாம் என்று ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று பெரியவர் மொபெட்டில் வந்து இறங்கினார். எங்கள் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய். யாராவது ஒருவர் பின்னால் ஏறினால் ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். டாக்டர் அம்மா பின்வாங்கினார். நான் நோட்டை எடுத்து எழுதுவது போல் குனிந்துகொண்டேன். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "மெதுவாப் போங்கண்ணே" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.